அவித்ததா, பச்சையா? முட்டையைச் சுழற்றிப் பாருங்கள்

அவித்த முட்டையும் பச்சை முட்டையும் கலந்துவிட்டால் உடைத்துப் பார்க்க வேண்டாம். வழவழப்பான தட்டில் படுக்கவைத்துச் சுழற்றுங்கள். விரலால் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்துவிடுங்கள். அப்படியே நின்றால் அவித்தது. தானாக மறுபடி சுற்றத் தொடங்கினால் பச்சை.

அவித்த முட்டை உள்ளும் புறமும் ஒரே கட்டி. ஓடு நின்றால் எல்லாம் நின்றுவிடும். பச்சை முட்டையில் நாம் நிறுத்துவது ஓட்டை மட்டும்தான். உள்ளிருக்கும் திரவம் சுற்றிக்கொண்டே இருந்து ஓட்டையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறது. அவித்ததை நன்றாக வேகம் கொடுத்துச் சுழற்றினால் எழுந்து செங்குத்தாக நின்றே சுற்றும்! தட்டோடு உரசும் உராய்வுதான் அதை நிமிர்த்துகிறது என்று மொஃபாட், ஷிமோமுரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள், அவ்வளவு அழகு.

யாங்கோனில் நாம் மொகிங்காவுக்கு (மீன் குழம்பு நூடுல்ஸுக்கு) அவிக்கும் வாத்து முட்டைக்கும் இது சரியாக வரும். உப்பில் ஊறிய முட்டைக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். அவிக்காமலே மஞ்சள் கரு இறுகியிருக்கும். அரைவேக்காடும் தெளிவாகப் பிடிபடாது. முட்டை பழசா, புதுசா என்று பார்க்க இது உதவாது. அதற்குத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பாருங்கள்.