இரண்டு வருட ஏ.ஏ. பட்டம்: பாடங்களைத் திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்புகளை நடத்தும் உள்ளூர்க் கல்லூரி) லிபரல் ஆர்ட்ஸ், அதாவது கலை, சமூக அறிவியல், அறிவியல் எல்லாம் கலந்த பொதுப்படிப்பு படித்து ஏ.ஏ. (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ்) பட்டம் வாங்க, செமஸ்டர் முறையில் நடக்கும் பெரும்பாலான கல்லூரிகளில் 60 கிரெடிட் வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர் என்று பதிவாகிவிடும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். 12 கிரெடிட் வீதம் நான்கு செமஸ்டர் படித்தால் 48தான் வரும்.

நான் இந்தக் கணக்கைப் போடாமல்தான் சேர்ந்தேன். முழுநேரம் என்கிறார்களே, அப்படியென்றால் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்று நம்பிவிட்டேன். ஐந்தாவது செமஸ்டருக்குப் பணம் கட்டும்போதுதான் விஷயம் புரிந்தது. இரண்டே வருடத்தில் முடிக்க வேண்டும் என்றால் செமஸ்டருக்கு 15 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடுபட்டதைக் கோடை விடுமுறையில் படித்து ஈடுகட்ட வேண்டும்.

அதற்காக எல்லோரும் 15 எடுங்கள் என்று சொல்லமாட்டேன். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பும், வெளியே இரண்டு மணி நேரப் படிப்பும் என்பது பொதுவான கணக்கு. 15 கிரெடிட் என்றால் வாரம் 45 மணி நேரம். வேலைக்குப் போய்க்கொண்டோ, கைக்குழந்தையை வைத்துக்கொண்டோ இதைச் செய்யப் போகிறவர்கள் முதலிலேயே மூன்று வருடத் திட்டமாகப் போட்டுவிடுவது நல்லது. தெரிந்தே எடுத்துக்கொண்ட மூன்று வருடத்தில் மதிப்பெண்ணும் நன்றாக வரும், உடம்பும் தாங்கும்.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறுக்கு வருகிறேன். ஏ.ஏ. படிக்கிறவர்களில் பலருக்கும் அது முடிவல்ல. நான்கு வருடப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கான பாதை. ஆனால் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கையில் இருப்பது கம்யூனிட்டி காலேஜின் பட்டியல் மட்டும்தான். போய்ச் சேர வேண்டிய இடத்தின் பட்டியலை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஒரு கிரெடிட் 'டிரான்ஸ்ஃபர் ஆவது' வேறு, அது மேஜருக்கு, அதாவது நீங்கள் பட்டம் வாங்கப் போகும் முதன்மைத் துறைக்குப் 'பயன்படுவது' வேறு. உளவியல் படிக்கப் போகிறவர் கணிதத் தேவைக்காகக் காலேஜ் அல்ஜீப்ரா எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று கிரெடிட்டையும் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் உளவியல் துறைகள் பொதுவாகக் கேட்பது புள்ளியியல். அல்ஜீப்ரா எலெக்டிவ் (விருப்பப் பாடம்) என்ற கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். புள்ளியியலைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். பொருளாதாரம் படிக்கப் போகிறவருக்கு இதே கதை வேறு மாதிரி நடக்கும். பல துறைகள் கால்குலஸ் கேட்கும். புள்ளியியல் மட்டும் முடித்திருந்தால் போதாது. 2017-ல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. வெளியிட்ட அறிக்கையின்படி, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்டை இழந்திருக்கிறார்கள். படித்து, தேர்வெழுதி, பணமும் கட்டிய பாடங்கள் அவை. நினைத்தாலே மனசு கனக்கிறது.

இதைக் குறைக்கப் பல மாநிலங்களில் ஏற்பாடுகள் உண்டு. டெக்சாஸில், எந்த மேஜராக இருந்தாலும் படிக்க வேண்டிய பொதுப்பாடங்களின் தொகுப்பு 42 கிரெடிட். முழுவதும் முடித்துவிட்டால் அந்த மாநிலத்தின் மற்ற அரசுக் கல்வி நிறுவனங்கள் அதை மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஃபுளோரிடாவில் ஏ.ஏ.தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே அமைந்த பட்டம். அதில் 36 கிரெடிட் பொதுப்பாடம். கலிபோர்னியாவில் அசிஸ்ட் என்ற தளத்தில், உங்கள் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று துறைவாரியாகப் பார்க்கலாம். அங்கே ஐஜெட்சி என்ற பொதுப்பாடத் திட்டம் போய், 2025 இலையுதிர்காலம் முதல் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கால்-ஜெட்சி வந்துவிட்டது. ஆகவே நாலு வருடத்துக்கு முன்னால் படித்த அண்ணனின் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் நல்லதுதான் நினைப்பார், ஆனால் விதி மாறியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. இந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதே மாநிலத்தின் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத்தான். தனியார் பல்கலைக்கழகத்துக்கோ வேறு மாநிலத்துக்கோ போவதாக இருந்தால் ஒவ்வொரு பாடமாகக் கேட்க வேண்டியிருக்கும். பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசரிடம் "இது டிரான்ஸ்ஃபர் ஆகுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆகும் என்பார், அது உண்மையும்கூட. "அங்கே போனால் என் மேஜரில் இது எந்தத் தேவையைத் தீர்க்கும்?" என்று கேளுங்கள். போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் துறைக்கும் இதே கேள்வியை அனுப்புங்கள். பதில் மின்னஞ்சலில் இருக்கட்டும். அட்வைசர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

சரி, மேஜரே இன்னும் முடிவாகவில்லை என்றால்? லிபரல் ஆர்ட்ஸ் அதற்கு நல்ல இடம்தான். ஆனால் "இன்னும் முடிவு செய்யவில்லை" என்பதற்காக முதல் வருடத்தை சுலபமான எலெக்டிவ்களால் நிரப்பிவிடக் கூடாது. பொதுப்பாடங்களுக்கு 34 முதல் 42 கிரெடிட் போய்விட்டால் மீதி இருப்பது 18 முதல் 26 வரைதான். மேஜருக்கான அடிப்படைப் பாடங்களுக்கும் அதில்தான் இடம். முதல் செமஸ்டரில் ஆங்கிலக் கட்டுரைப் பாடம், நீங்கள் யோசிக்கும் மேஜர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு கணிதம், சமூக அறிவியலில் ஒரு அறிமுகப் பாடம், உங்களுக்குப் பிடித்ததாக ஒன்று என்று எடுத்தால் பெரும்பாலும் வீண்போகாது. பிடித்தது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இந்தப் படிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கணிதத்துக்குப் பயந்து அதைக் கடைசிக்குத் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். இதில் உள்ள சிக்கல், பல பாடங்கள் சங்கிலியாக வருகின்றன என்பதுதான். முதல் கட்டுரைப் பாடத்தை முடித்தால்தான் இரண்டாவது. அல்ஜீப்ராவுக்கு அப்புறம் பிரிகால்குலஸ், அதற்கு அப்புறம் கால்குலஸ். அந்நிய மொழியில் பி.ஏ.வுக்கு நான்கு செமஸ்டர் கேட்கும் இடங்களும் உண்டு. மூன்றாவது செமஸ்டரில் தொடங்கும் சங்கிலி நான்காவதில் முடியாது. போதாக்குறைக்குச் சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்தப்படும். நீளமான சங்கிலி எதுவோ அதை முதலில் தொடங்குங்கள். அறிவியல் பாடம் எடுக்கும்போது ஆய்வகம் சேர்ந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்) என்ற பட்டம் பெயரில் ஏ.ஏ. போலவே இருக்கும். அது பொதுவாக நேரடியாக வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அதன் தொழிற்பாடங்கள் எல்லா இடத்திலும் ஏற்கப்படுவதில்லை. விண்ணப்பத்தில் எதைக் குறித்திருக்கிறீர்கள் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பாடத்தைப் பாதியில் விடுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. அப்போது மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (வித்டிரா, அதாவது விலகினார்) என்று விழுவது மதிப்பெண் சராசரியைக் குறைக்காது. ஆனால் எடுத்த கிரெடிட்டாக அது கணக்கில் ஏறும். மத்திய அரசின் கல்வி உதவி பெறுகிறவர்கள், பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டின் ஒன்றரை மடங்குக்குள், அதாவது 60-க்கு 90-க்குள், முடித்தாக வேண்டும். பட்டத்துக்குச் சேராத பாடங்களுக்கு அந்த உதவியும் கிடைக்காது. எஃப்-1 என்ற வெளிநாட்டு மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடுமையானது. செமஸ்டரில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்க வேண்டுமானால், பாடத்தை விடுவதற்கு முன்பே கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். விட்ட பிறகு போய்ச் சொன்னால் விசா நிலைக்கே ஆபத்து. அந்த 12-க்குள் ஆன்லைன் வகுப்பு ஒன்றைத்தான், அதிகபட்சம் மூன்று கிரெடிட் வரை, கணக்கில் எடுப்பார்கள்.

மூன்றாவது செமஸ்டர் தொடங்கிய வாரத்திலேயே டிகிரி ஆடிட் (பட்டத்துக்கான தேவைகளில் எவை முடிந்தன என்று காட்டும் அறிக்கை) எடுத்து, இன்னும் எது காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அப்போது தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும். கூடவே, பட்டம் பெற விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகளில் 60 கிரெடிட் சேர்ந்துவிட்டது என்பதற்காகப் பட்டம் தானாக வராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.