ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் கணக்கு: ஒரே ஒரு 12 எம்எம் கம்பிய வச்சு கத்துக்கலாம் வாங்க

ஸ்ட்ரக்சரல் பக்கம் புதுசா வர்ற பசங்க ஃபார்முலா எல்லாம் நல்லாவே மனப்பாடமா வச்சிருக்காங்க, ஆனா கணக்கு போட்டுக் காட்டுனா விடை ஆயிரம் மடங்கு தள்ளி நிக்கும். பெரும்பாலும் ஃபார்முலா சரியாத்தான் இருக்கும், யூனிட்ல தான் கோட்டை விட்டிருப்பாங்க. அதனால நோட்ட தொறந்ததும் மேல இத எழுதிடுங்க: லோடு எல்லாம் நியூட்டன்ல, நீளம் எல்லாம் எம்எம்ல. டிராயிங்ல 3 மீட்டர்னு இருந்தா 3000, லோடு 20 கிலோ நியூட்டன்னா 20,000. இப்படி போட்டா விடை தானா நியூட்டன்/எம்எம்²ல வந்துடும், மெகா பாஸ்கல்னு சொல்றதும் அதே தான், மாத்த வேண்டிய வேலையே இல்ல.

ஸ்டெப் 1: ஸ்ட்ரெஸ்

ஸ்ட்ரெஸ் = லோடு ÷ குறுக்குவெட்டு ஏரியா

3 மீட்டர் நீளத்துக்கு ஒரு 12 எம்எம் கம்பி, மேல கட்டித் தொங்கவிட்டு கீழ 20 கிலோ நியூட்டன் மாட்டுறோம், கிட்டத்தட்ட 2 டன். இங்க ஒண்ணு கவனிங்க, 12ங்கிறது விட்டம், அத அப்படியே ஏரியா இடத்துல போட்டுடாதீங்க. 3.1416 × 12² ÷ 4 = 113.1 எம்எம்². அப்போ ஸ்ட்ரெஸ் 20,000 ÷ 113.1 = 176.8 நியூட்டன்/எம்எம்².

ஸ்டெப் 2: ஸ்ட்ரெயின்

ஸ்ட்ரெயின் = நீளத்துல வந்த மாற்றம் ÷ பழைய நீளம்

எம்எம்ம எம்எம்மால வகுக்கிறதால இதுக்கு யூனிட் கிடையாது, வெறும் நம்பர், அதுவும் ரொம்பச் சின்ன நம்பர். சைட்ல யாரும் டேப்ப வச்சு இத அளக்கப் போறதில்ல, அதனால நம்ம கணக்குல பெரும்பாலும் அடுத்த ஸ்டெப் வழியா தான் இது வரும்.

ஸ்டெப் 3: ரெண்டையும் சேக்குறது

யங்ஸ் மாடுலஸ் = ஸ்ட்ரெஸ் ÷ ஸ்ட்ரெயின்

பொருள் எவ்வளவு விறைப்புனு சொல்ற நம்பர் இது. ஸ்டீலுக்கு இது 2,00,000 நியூட்டன்/எம்எம்². கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456, அதாவது நம்ம நாட்டு கான்கிரீட் விதிப் புத்தகம், கொடுக்கிற ஃபார்முலா 5000 × கிரேடோட வர்க்கமூலம், எம் 25னா 5000 × 5 = 25,000. ஸ்டீல்ல எட்டுல ஒரு பங்கு தான்.

நம்ம கம்பிக்கு ஸ்ட்ரெயின் 176.8 ÷ 2,00,000 = 0.000884. அத 3000ஆல பெருக்குனா 2.65 எம்எம். 2 டன் தொங்கியும் கம்பி நீண்டது மூணு எம்எம்கூட இல்ல. இத ஒரே வரியில போடணும்னா:

நீட்சி = லோடு × நீளம் ÷ (ஏரியா × மாடுலஸ்)

லோடு ஏற ஏற நீட்சியும் அதே விகிதத்துல ஏறும்ங்கிற இந்த நேர் விகிதத்த கண்டுபுடிச்ச ராபர்ட் ஹூக் 1676ல அத எழுத்துகள கலைச்சுப்போட்ட புதிரா தான் வெளியிட்டாரு, ரெண்டு வருசம் கழிச்சு 1678ல தான் விடைய சொன்னாரு: நீட்சி எப்படியோ விசையும் அப்படியே. ஆனா இது ஒரு எல்லை வரைக்கும் தான் செல்லும். எஃப்இ 500 கிரேடு கம்பினா அந்த 500 தான் ஈல்டு ஸ்ட்ரெஸ், அதாவது அந்த எல்லை, நம்ம கம்பிக்கு 500 × 113.1, அதாவது ஏறக்குறைய 56.5 கிலோ நியூட்டன். அதத் தாண்டிட்டா லோட எடுத்தாலும் கம்பி பழைய நீளத்துக்கு முழுசா திரும்பாது, மேல இருக்கிற நீட்சி ஃபார்முலாவும் அங்க உதவாது. கணக்கு முடிஞ்சதும் ஸ்ட்ரெஸ்ஸ ஈல்டோட ஒருதடவ ஒப்பிட்டுப் பாக்காம நோட்ட மூடாதீங்க.

ஸ்டெப் 4: சூடு

எனக்கு ரொம்ப நாள் மண்டையில ஏறாதது இது தான், அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். ஸ்டீலுக்கு ஒரு டிகிரிக்கு 0.000012 ஸ்ட்ரெயின். அதே கம்பி வெயில்ல 30 டிகிரி சூடேறுதுனு வைங்க, 0.00036 ஸ்ட்ரெயின், 3 மீட்டருக்கு 1.08 எம்எம் நீளும். தரையில சும்மா கிடக்கிற கம்பினா நீண்டுட்டுப் போகும், ஸ்ட்ரெஸ் பூஜ்யம். ஆனா ரெண்டு முனையும் அசையவே முடியாத மாதிரி இறுக்கிட்டோம்னா நீளவே இடமில்ல, அந்த 0.00036 × 2,00,000 = 72 நியூட்டன்/எம்எம்² அப்படியே அமுக்க ஸ்ட்ரெஸ்ஸா உள்ள உக்காந்துக்கும். வெளியில இருந்து யாரும் ஒரு கிலோகூட ஏத்தல பாருங்க! நீளம் 3 மீட்டரா 300 மீட்டராங்கிறதும் இந்த 72ஐ மாத்தாது. பாலத்துல எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட் விடுறது இதுக்குத்தான்.

ஸ்டெப் 5: வளைவு

வளைவு ஸ்ட்ரெஸ் = மொமென்ட் ÷ செக்சன் மாடுலஸ்

மொமென்ட்னா லோடு எவ்வளவு வளைக்கப் பாக்குதுங்கிற அளவு, செக்சன் மாடுலஸ்னா குறுக்குவெட்டோட வடிவம் அத எவ்வளவு தாங்கும்ங்கிற அளவு, யங்ஸ் மாடுலஸ் வேற இது வேற. செவ்வகத்துக்கு செக்சன் மாடுலஸ் = அகலம் × ஆழம்² ÷ 6. சாரத்துல 2 மீட்டர் இடைவெளில ஒரு பலகை, 200 அகலம், 50 கனம், நடுவுல கொத்தனார் சாந்துச் சட்டியோட நிக்கிறாரு, மொத்தம் 1000 நியூட்டன்னு வைங்க. நடு லோடுக்கு மொமென்ட் = லோடு × நீளம் ÷ 4 = 5,00,000. செக்சன் மாடுலஸ் 200 × 50² ÷ 6 = 83,333. வகுத்தா ஸ்ட்ரெஸ் 6. அதே பலகைய செங்குத்தா நிமித்தி வச்சா 50 × 200² ÷ 6 = 3,33,333, ஸ்ட்ரெஸ் 1.5ஆ எறங்கிடும். மரம் அதே மரம் தான், வச்ச விதம் தான் வேற. நம்ம பீம எல்லாம் அகலத்த விட ஆழமா போடுறது ஏன்னு இங்க புரியும்.

பலகை எவ்வளவு தொங்கும்னு பாக்க:

தொய்வு = லோடு × நீளம்³ ÷ (48 × யங்ஸ் மாடுலஸ் × இனெர்ஷியா)

இனெர்ஷியாவும் குறுக்குவெட்டோட வடிவத்துல இருந்து வர்ற ஒரு அளவு தான், செவ்வகத்துக்கு இனெர்ஷியா = அகலம் × ஆழம்³ ÷ 12. மரத்துக்கு யங்ஸ் மாடுலஸ் 10,000னு எடுத்தா படுக்க வச்ச பலகை 8 எம்எம் தொங்கும், நிமித்தி வச்சது 0.5 எம்எம். இதுல நீளம் மூணு தடவ பெருக்கப்படுது, அதனால 2000 போட வேண்டிய எடத்துல 2னு போட்டீங்கன்னா விடை 100 கோடி மடங்கு தப்பும். கால்குலேட்டர் அத எல்லாம் சொல்லாது, வந்த நம்பர காட்டிட்டு நிக்கும்.