முதல் சர்வீஸ் தள்ளிப்போனால் எழுத்தில் கேளுங்கள்

புதிய மோட்டார் சைக்கிளுக்கு முதல் இலவச சர்வீஸை, பெரும்பாலும் 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள்ளோ குறிப்பிட்ட நாட்களுக்குள்ளோ, எது முதலில் வருகிறதோ அதன்படி முடிக்க வேண்டும் என்று உரிமையாளர் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். புது எஞ்சினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகும்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்துவிடுவதால், இந்த முதல் ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடுவது வண்டிக்கு நல்லதன்று.

என் வண்டிக்குத் தேதி கேட்டபோது "அடுத்த வாரம் வாங்க சார்" என்ற பதிலே மூன்று முறை கிடைத்தது. நான்காம் முறை ஓடோமீட்டரைப் படமெடுத்து, கெடு முடியும் நாளையும் குறிப்பிட்டு, ஷோரூமுக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்பினேன், மறுநாளே அழைத்தார்கள். கெடு தாண்டிவிட்டால் வாரண்டியை மறுக்க அதையே காரணமாகக் காட்டக்கூடும் என்பதால், வாய்ப்பேச்சை நம்பி இருந்துவிடாதீர்கள்.

வண்டியை விடும்போது ஷோரூமில் எழுதித் தரும் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் கிலோமீட்டர், பெட்ரோல் அளவு, நீங்கள் சொன்ன குறைகள், திரும்பத் தரும் நேரம் ஆகியவை எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று மட்டும் இருந்தால், "முன் பிரேக்கில் கிறீச் சத்தம்" என்று உங்கள் குறையை அப்படியே சேர்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீர்வு கிடைக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.