வெள்ள மீட்புக்குப் படகோடு கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நிறைய புதுப் பிள்ளைகள் மீட்புக்கு வந்திருந்தார்கள். 2015 வெள்ளத்தில் நடந்த அதே கூத்து மறுபடியும். லைஃப் ஜாக்கெட் போடு, செல்ஃபி எடுக்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுங்கள். நாம் திரும்பத் திரும்பச் செய்யும் வேறு தப்புகளைச் சொல்கிறேன்.

பூட்டிய வீட்டுக்குப் படகு விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் இதில்தான். 'இரண்டாவது மாடி, கர்ப்பிணி, அவசரம்' என்று வாட்ஸ்அப்பில் வரும். தேதி இருக்காது, நேரம் இருக்காது. நம்மிடம் இருப்பதோ காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து லாரியில் ஏறி வந்த ஃபைபர் படகு. தெருவில் இன்ஜின் போட்டால் விசிறியில் குப்பையும் கேபிளும் சுற்றிக்கொள்ளும். கயிறு கட்டி இடுப்பளவு தண்ணீரில் இழுத்துப் போனால், கதவில் பூட்டு. எதிர் மாடிக்காரர், "அவங்க நேத்தே போயிட்டாங்களே" என்பார். அடுத்த தெருவில் ஒரு பாட்டி சர்க்கரை மாத்திரை தீர்ந்து உட்கார்ந்திருப்பார்.

போனவர்களைத் திட்டி என்ன பயன்? 2015-இல் பல இடங்களில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. தப்பி வந்தவர் முதலில் தேடுவது காய்ந்த துணியைத்தான். அந்தச் செய்தியை நிறுத்துவது நம் வேலை. கிளம்பும் முன் செய்தியில் இருக்கும் எண்ணுக்கு ஒருமுறை அழையுங்கள். பெரும்பாலும் அது வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய எண். பக்கத்து வீட்டு எண்ணை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அம்மாவைப் படகில் ஏற்றியதும், கரை சேரும் முன்பே, "ஏறிட்டாங்க சார், நீங்க போட்ட எல்லா குரூப்லயும் 'மீட்டாச்சு'ன்னு நேரத்தோட போடுங்க" என்று சொல்லுங்கள். கேட்டால் போடுவார்கள். கேட்காமல் போட்டவர்கள் ரொம்பக் குறைவு.

பால்கனியில் நிற்பவரை மட்டும் கேட்பது

"நாங்க வரலை, பால் பாக்கெட் மட்டும் குடுங்க" என்பார். உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அப்படிச் சொன்ன ஒரு பெரியவருக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கைப்பையோடு வந்து, "நான் போறேன், இவர் வீட்டைப் பாத்துக்கட்டும்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டார். பெரியவர் சிலிண்டரை மூடிவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

"ஏன் இவ்வளவு லேட்டு?" என்பவரோடு வாதாடுவது

பதில் சொல்லாதீர்கள். பையை வாங்கி வையுங்கள்.

படகுக்காரர் பேச்சை மீறுவது

கூடவே கூடாது. எத்தனை பேர் ஏறலாம், யார் எந்தப் பக்கம் உட்காரணும் என்பது அவர் முடிவு. தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவர் எங்கே, கார் எங்கே என்று கம்பை ஊன்றிப் பார்ப்பவரும் அவர்தான். ஆனால் இறங்குகிறவர்கள் நன்றியை நம்மிடம் சொல்லிவிட்டு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "அண்ணன்தான் கூட்டிட்டு வந்தாரு" என்று நீங்கள் சொல்லுங்கள். அப்புறம் லாரி வாடகை, எண்ணெய்க் காசு யார் தருவது என்பதை அன்றைக்கே பேசி முடியுங்கள். தண்ணீர் வடிந்துவிட்டால் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.