பழைய பையும் கூடாரமும் வாங்கும் முன்: புதிதாக மலையேறுபவர்கள் காசைத் தொலைக்கும் இடங்கள்

மலேசியாவின் கோலகுபு பாரு வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு முதல் மலை பெரும்பாலும் புக்கிட் கூத்துதான். 1,053 மீட்டர். பெர்தாக் கிராமத்தில் தொடங்கி, ஆற்றைக் கடந்து ஏறினால், உச்சியில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களாவின் புகைபோக்கி நிற்கும். காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். ஆனால் ஒருமுறை ஏறியவர்கள் சும்மா இருப்பதில்லை, அடுத்தது காட்டில் ராத்தங்கல் என்கிறார்கள். பை, கூடாரம் தேடி அலைவது அங்கேதான் ஆரம்பம்.

டார்ச்லைட்டுக்கு பேட்டரி மறப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானே சரியாகிவிடும். நாங்கள் அன்று செய்ததையே தம்பிகள் இன்றும் வரிசையாகச் செய்கிறார்களே, அதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

பண்டல் கடையில் (பழைய சாமான் விற்கும் கடை) பிராண்டைப் பார்த்து வாங்குவது

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் போன மாதம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, ஜப்பான் சாமான், ஒரிஜினல். வெறும் 60 வெள்ளிதான்" என்றான். வெளியே கீறல்கூட இல்லை. அஞ்சடியில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) விரித்ததுமே வாந்தி வாடை. தையலின் மேல் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெம்பினேன், பாம்புச் சட்டை மாதிரி முழு நீளத்துக்கும் உரிந்து வந்தது. உள்பக்கம் கை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அவனுக்கு என் மேல்தான் கோபம்.

விஷயம் இதுதான். கூடாரத் துணி தானாக மழையைத் தடுக்காது. உள்பக்கம் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம்தான் தடுக்கிறது. காற்றிலுள்ள ஈரம் அந்தப் படலத்தின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுக்கும், வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஆகவே கூடாரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விட, எத்தனை வருடம் சுருட்டி மூட்டைக்குள் கிடந்தது என்பதுதான் கேள்வி. ஒருமுறைகூட விரிக்காமல் 15 வருடம் கிடந்த கூடாரம் பார்க்கப் புதுசாக இருக்கும், முதல் மழையிலேயே ஒழுகும்.

மழை ஸ்பிரே அடித்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொல்வார். அந்த ஸ்பிரே வெளிப்பக்கத்தில் தண்ணீரை உருண்டோட வைக்கும், அவ்வளவுதான். உள்பக்கம் கெட்டுப்போன படலம் திரும்ப வராது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். ஆனால் அந்த மருந்துக்கும் மெனக்கெடலுக்கும் புதுக் கூடாரமே வாங்கிவிடலாம்.

முதுகுப்பைக்கும் இதே கதை. உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள், வெள்ளைச் செதில் விரலில் வந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். கிளிப்பை வளைத்துப் பாருங்கள், பழைய பிளாஸ்டிக் சட்டென்று முறியும். பழைய மலையேறும் சப்பாத்தின் அடிப்பாகமும் பல நேரம் இதே பாலியூரித்தேன்தான், பாதி வழியில் வாய் பிளந்துவிடும். அதற்கு, பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கம்போங் அடிடாஸ் எவ்வளவோ மேல். முழுக்க ரப்பர், விலையும் கொஞ்சம்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. கூடாரத்தின் மேல் போர்த்தும் மேல்விரிப்பின் ஒரு மூலையைக் குழியாகப் பிடித்து, குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, அடிப்பக்கத்தை விரலால் தேயுங்கள். விரல் நனைந்தால் வேண்டாம். விரித்துக் காட்டவே மாட்டேன் என்கிற கடையில் அப்புறம் என்ன வேலை?

பண்டல் கடையே ஆகாது என்று சொல்லவில்லை. அலுமினியக் கம்பி, முளை, சட்டி இதெல்லாம் அங்கே தாராளமாக வாங்கலாம்.

அரைத் தொப்பிக் கூடாரம்

பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் மலிவுக் கூடாரம் பலவும் ஒற்றைத் துணி, உச்சியில் மட்டும் சின்னத் தொப்பி. கடற்கரையில் பகல் நிழலுக்குச் சரி. நம் மழை சாய்ந்து அடிக்கும், மண்ணில் பட்டுத் தெறித்தும் வரும். மேல்விரிப்பு நான்கு பக்கமும் தரையை ஒட்டி இறங்க வேண்டும், உள்ளே தனியாக வலைத்துணிக் கூடாரம் இருக்க வேண்டும். ஒற்றைத் துணியில் மழை இல்லாத ராத்திரியிலும் நம் மூச்சுக்காற்றே நீராகப் படிந்து சொட்டும். அட்டையில் மில்லிமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள்: அவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். மேல்விரிப்புக்கு 1,500க்குக் குறையாமல் பாருங்கள். தரைத்துணியில் நம் முழங்கால் அழுத்தும், அதற்கு 3,000 இருந்தால் நல்லது.

"4 பேர் படுக்கலாம்"

3 பேர். பைகளும் உள்ளே வந்தால் 2 பேர்.

80 லிட்டர் பை

2 நாள் பயணத்துக்கு 50 லிட்டர் தாராளம். பெரிய பையில் இடம் காலியாக இருந்தால் கை சும்மா இருக்காது.

இடுப்புப் பட்டையைக் கவனிக்காமல் வாங்குவது

சுமையில் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். மெல்லிய நாடா மட்டும் உள்ள பையில் எல்லாமே தோளில்தான். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பையின் முதுகு நீளம் அதற்குப் பொருந்த வேண்டும், ஆள் உயரத்தை வைத்து முடிவு செய்யக்கூடாது. வெறும் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் பிரயோசனமில்லை. இணையத்தில் வாங்கினாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், வீட்டில் 10 கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து அரைமணி நேரம் நடங்கள்.

பையின் மழையுறையை நம்புவது

முதுகுப் பக்கம் நனையும். உள்ளே தடித்த கறுப்புக் குப்பைப்பை போடுங்கள்.

ஈரத்தோடு சுருட்டி வைப்பது

புதிதாக வாங்கிய நல்ல கூடாரத்தையும் இரண்டே வருடத்தில் பண்டல் கடைச் சாமானாக்க இதுவே போதும். ஞாயிறு இரவு களைத்து வந்து கார் பூட்டிலேயே விட்டுவிடுவார்கள், வெள்ளிக்கிழமை ஞாபகம் வரும். வந்த அன்றே அஞ்சடிக் கொடியில் போட்டு, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு அதன் சின்ன உறைக்குள் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு வையுங்கள். தகரக் கூரைக்கடியில் உள்ள பரண் மட்டும் வேண்டவே வேண்டாம்.