பேஸ்டல் ஓவியம்: வரைபவரும் வாங்குபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டேஷனரிக் கடையில் பேஸ்டல் என்று வண்ணக் குச்சி கேட்டால் பெரும்பாலும் ஆயில் பேஸ்டலைத்தான் எடுத்துத் தருவார்கள். முதல் தவறு அங்கேயே ஆரம்பித்துவிடும். அதில் எண்ணெயும் மெழுகும் உண்டு, முழுசாகக் காயாது. சாஃப்ட் பேஸ்டல் வேறு சங்கதி, இங்கே சொல்லப்போவது அதைப் பற்றித்தான். நிறமித் தூள், சுண்ணாம்புத் தூள் மாதிரி ஒரு வெள்ளைப் பொருள், குச்சியாகப் பிடித்து நிறுத்தக் கொஞ்சம் பிசின், அவ்வளவுதான். எண்ணெய் இல்லாததால் மஞ்சள் பூக்காது. சுவிஸ் ஓவியர் லியோதார் 1744 வாக்கில் பேஸ்டலில் வரைந்த ‘சாக்லேட் பெண்’ ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் இன்னமும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் நிறம் தாளில் ஊறுவதில்லை, தூளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை மறந்தால்தான் சிக்கல்.

வழவழப்பான தாளில் வரையாதீர்கள். சொரசொரப்பு இருந்தால்தான் தூள் பிடிக்கும். அடுத்தது, விரலால் தேய்ப்பது. யூடியூபைப் பார்த்து எல்லோரும் செய்வது இதைத்தான். துகள்கள் வெவ்வேறு கோணத்தில் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பேஸ்டலுக்கு அந்த வெல்வெட் மினுக்கம். தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினால் அது போய்விடும். தாளின் பிடிமானமும் அடைபட்டு, அடுத்த கோடு வழுக்கும். பிரெஞ்சு ஓவியர் தெகா கோட்டின் மேல் கோடாக அடுக்கித்தான் வரைந்தார். தேய்த்தே ஆகவேண்டுமென்றால் அடியிலுள்ள அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உதிர்ந்த தூளை வாயால் ஊதவே கூடாது. காட்மியம் என்ற நச்சு உலோகம் கலந்த நிறங்கள் மூச்சில் போவது நல்லதல்ல. பலகையை முன்பக்கம் சாய்த்துத் தட்டினால் போதும்.

ஃபிக்ஸேட்டிவ், அதாவது தூள் உதிராமலிருக்க அடிக்கும் பிசின் ஸ்ப்ரே விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். கடைசியில் கெட்டியாக அடித்துவிட்டால் ஓவியம் பத்திரம் என்று நினைக்கிறார்கள். அடித்துப் பாருங்கள்: கன்னத்தில் வைத்த வெள்ளை ஒளிப்புள்ளி காணாமல் போயிருக்கும். ஈரமான சுண்ணாம்புச் சுவர் மங்கித் தெரிவதுபோல, பிசின் சூழ்ந்ததும் வெள்ளைத் தூள் ஒளியை உள்ளே விட்டுவிடும். அடுக்குகளுக்கு நடுவே மெல்லிசாக, தள்ளி நின்று அடிக்கலாம். கடைசி அடுக்கை அப்படியே விடுவது என் கட்சி.

வாங்குபவர்களுக்கு: “பேஸ்டல்தானே, ஸ்கெட்ச் மாதிரி” என்று மட்டமாக எடைபோடாதீர்கள். நார்வே ஓவியர் மூங்க் 1895இல் பேஸ்டலில் வரைந்த ‘அலறல்’ 2012 ஏலத்தில் கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்குப் போனது.

ஃபிரேம் போடும்போது கண்ணாடி, ஓவியத்தின் மேல் படக்கூடாது. நடுவே ஓவியத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையோ, கண்ணாடியைத் தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் பட்டையோ வேண்டும். எடை குறைவென்று சாதாரண அக்ரிலிக் ஷீட் போடச் சொல்வார்கள், மறுத்துவிடுங்கள். துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். மழையில் ஊறும் வெளிச்சுவரில் மாட்டினால், சென்னை மாதிரி ஈரப்பதம் உள்ள ஊர்களில் பூஞ்சை வந்துவிடும். வெயில் படும் இடமும் வேண்டாம். குறிப்பாக ஃப்ளோரசன்ட் நிறங்கள் சீக்கிரம் வெளுக்கும்.

வீடு மாறும்போது ஓவியத்தை முகம் மேலே பார்க்கப் படுக்கவைத்துக் கொண்டுபோங்கள். கண்ணாடி மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்க்கிங் டேப் ஒட்டிவிட்டால், உடைந்தாலும் பெரும்பாலான சில்லுகள் டேப்பிலேயே நிற்கும்.