கிறிஸ்துமஸ் உதவி சேகரிப்பு நடத்தப் போறீங்களா? முதல்ல கேளுங்க, அப்புறம் சேருங்க

டிசம்பர் வந்துட்டா நாலு பேர் கூடி "இந்த வருஷம் கஷ்டப்படுற குடும்பங்களுக்கு ஏதாவது செய்வோம்"னு பேசுவோம், உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப், ஒரு போஸ்டர், "துணி, பொம்மை, சாமான் எது இருந்தாலும் கொண்டு வாங்க"னு ஒரு மெசேஜ். நாங்களும் முதல் வருஷம் அப்படித்தான் ஆரம்பிச்சோம். ரெண்டு வாரத்துல ஒரு ரூம் நிறைய பொருள் குவிஞ்சிருச்சு, எங்களுக்கு அவ்ளோ சந்தோஷம். பிரிச்சுப் பாத்தா பாதிக்கு மேல கரடி பொம்மை, சாயம் போன துணி, தேதி முடிஞ்ச டப்பா. நாங்க போன வீடுகள்ல 13, 14 வயசுப் பசங்க நிறைய பேர், அவங்களுக்கு குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. ஒரு அம்மா தனியா கூப்பிட்டு மெதுவா கேட்டாங்க, "அக்கா, ஷூ ஏதாவது இருக்குமா, பையன் அது இல்லாமதான் ஸ்கூலுக்குப் போறான்". எங்ககிட்ட ஷூ இல்ல. அந்தக் கேள்வி இன்னும் என் மனசுல இருக்கு.

அதனால யார் கேட்டாலும் நான் சொல்ற வரிசை இதுதான்: முதல்ல குடும்பம், அப்புறம் அவங்களுக்கு என்ன வேணும்ங்கிற லிஸ்ட், அதுக்கப்புறம்தான் கலெக்‌ஷன். இதை மாத்திப் போட்டா எவ்ளோ உழைச்சாலும் வீண்தான்.

நாள் கணக்கை 25-ல இருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க. பொருள் குடும்பங்க கைக்குப் போய்ச் சேர வேண்டிய நாள் டிசம்பர் 20, 21. 24-ம் தேதி சாயங்காலம் குடுக்கலாம்னு நினைக்காதீங்க, அன்னைக்கு உங்க வாலண்டியர்ஸ் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பாங்க, ஏதாவது சைஸ் மாறியிருந்தா சரி பண்ணவும் நேரம் இருக்காது, அப்பா அம்மாவுக்கும் பரிசை ஒளிச்சு வைக்க ரெண்டு மூணு நாள் வேணும்ல. அப்படின்னா பேக்கிங் 14-ல இருந்து 18 வரைக்கும், பொருள் வந்து சேர கடைசி நாள் 10, குடுக்குறவங்க கைல லிஸ்ட் போறது நவம்பர் 20 வாக்குல, குடும்பங்களைப் பாத்துப் பேசுறது நவம்பர் முதல் வாரத்துலயே முடியணும். ஆக அக்டோபர்ல உக்காந்து பேசலைன்னா லேட்டுதான். (ஜனவரி 7-ல கொண்டாடுற ஆர்த்தடாக்ஸ் குடும்பங்களும் உங்க பகுதில இருக்கலாம், அவங்களுக்கு தேதியைத் தனியா வச்சுக்கோங்க.)

டீம் பெருசா வேண்டாம், பொறுப்பெடுக்க அஞ்சு பேர் போதும். குடும்பங்க கிட்ட பேச ஒருத்தர், பணத்துக்கு ரெண்டு பேர், பொருள் வாங்கி வைக்க ஒருத்தர், வண்டிக்கும் வாலண்டியருக்கும் ஒருத்தர். எல்லாரும் எல்லாத்தையும் பாக்குறோம்னா கடைசில யாரும் எதையும் பாக்க மாட்டாங்க.

குடும்பங்களைக் கண்டுபிடிக்கிறதுதான் ரொம்ப நுணுக்கமான வேலை. "உதவி வேணும்ங்கிறவங்க பேர் குடுங்க"னு பப்ளிக்கா போட்டா உண்மையிலேயே தவிக்கிறவங்க வர மாட்டாங்க, கூச்சம் அவங்களைத் தடுத்துரும். ஏற்கெனவே அவங்களைத் தெரிஞ்சவங்க மூலமா போங்க: ஸ்கூல் டீச்சர், நர்ஸ், சர்ச்ல வீடு வீடா போய்ப் பாக்குறவங்க, சமூக சேவகர். அவங்க முதல்ல அந்தக் குடும்பத்துகிட்ட "உங்க பேரை குடுக்கலாமா"னு கேட்டுட்டு சம்மதம் வாங்கட்டும். கூடவே நேரா கூப்பிட ஒரு போன் நம்பரும் வைங்க, எடுக்குறது ஒரே ஆளா இருக்கட்டும். எல்லாரும் கிறிஸ்துமஸ் கொண்டாடுறவங்களா இருக்கணும்னு இல்ல, "உங்களுக்கு இது வேணுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. உதவி வாங்கணும்னா ஜெபத்துக்கு வரணும், துண்டுப் பிரசுரம் வாங்கணும்னு எந்த நிபந்தனையும் போடக்கூடாது, இதுல நான் ரொம்ப உறுதியா இருப்பேன்.

எத்தனை குடும்பம்? ஆசைப்பட்டு 100 எடுத்துட்டு அரைகுறையா குடுக்குறதை விட 20 குடும்பத்துக்கு கேட்டதை முழுசா குடுங்க. முதல் வருஷம் 20-க்கு மேல போகாதீங்க, கூட ரெண்டு குடும்பத்துக்கான பொருள் ரிசர்வ்ல இருக்கட்டும், கடைசி நேரத்துல ஒரு போன் கண்டிப்பா வரும்.

கேக்க வேண்டியதை ஒரே போன்ல கேட்டுருங்க, திரும்பத் திரும்ப கூப்பிட்டா விசாரணை மாதிரி ஆயிரும். வீட்டுல எத்தனை பேர், ஒவ்வொருத்தர் வயசு, துணி சைஸ், செருப்பு ஷூ சைஸ், அலர்ஜி இருக்கா, சாப்பிடாத பொருள் எது, அடுப்பு, ஃபிரிட்ஜ் இருக்கா (அடுப்பே இல்லாத ஒரு ரூம்ல இருக்கிற குடும்பத்துக்கு சமைக்கிற சாமானா கொண்டு போய்க் குடுத்து என்ன பண்றது), எந்த நேரம் வந்தா சவுகரியம். கடைசியா ரெண்டு கேள்வி: "பிள்ளைங்க எதுக்கு ஆசைப்படுறாங்க?", அப்புறம் "உங்களுக்கு என்ன வேணும்?". ரெண்டாவது கேள்விக்கு பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டாங்க, "எனக்கு எதுக்குங்க"ம்பாங்க. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேளுங்க. போர்வைன்னு சொல்லுவாங்க, மூக்குக்கண்ணாடி உடைஞ்சு கிடக்குன்னு சொல்லுவாங்க, ஒருத்தர் வீட்டுக் கதவுக்குப் பூட்டு கேட்டாங்க. கிறிஸ்துமஸ் உதவின்னா பொம்மையும் கேக்கும்தான்னு நாம நினைக்கிறோம், கேட்டாதான் வேற என்னன்னு தெரியும்.

இந்த விவரம் எல்லாம் ஒரு நோட்டுல, ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கணும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நம்பர் குடுத்துருங்க, வெளியில போறது நம்பர் மட்டும்தான். "குடும்பம் 7, பொண்ணு, 9 வயசு, ஷூ சைஸ் இது, கலர் பென்சில்னா உயிர்"னு ஒரு சின்ன அட்டையில எழுதி, அதை எடுத்துட்டுப் போறவங்க வாங்கிட்டு வர்ற மாதிரி வைங்க. இந்த முறை புதுசு இல்ல, 1979-ல அமெரிக்காவுல சால்வேஷன் ஆர்மிங்கிற கிறிஸ்தவ சேவை அமைப்பு ஆளுங்க தேவதை படம் போட்ட அட்டையில பிள்ளைங்க ஆசையை எழுதி ஒரு கடைவளாகத்துல கிறிஸ்துமஸ் மரத்துல தொங்க விட்டாங்க, அதுதான் ஏஞ்சல் ட்ரீன்னு இன்னைக்கும் நடக்குது. அது ஏன் நல்லா வேலை செய்யுதுன்னா, "நன்கொடை குடுங்க"ன்னு கேட்டா யோசிக்கிற ஆளு கூட, ஒரு 9 வயசுப் பொண்ணுக்கு கலர் பென்சில்னு கைல அட்டை வந்துட்டா அன்னைக்கே கடைக்குப் போவாரு.

அட்டையை யார் எடுத்தாங்க, போன் நம்பர் என்ன, என்னைக்குத் திருப்பித் தருவாங்கன்னு ரெஜிஸ்டர்ல எழுதாம ஒரு அட்டை கூட வெளியில போகக்கூடாது. சில அட்டை திரும்பி வராது, கெட்ட எண்ணத்துல இல்ல, மறந்துருவாங்க. டிசம்பர் 5-க்கு ஒரு மெசேஜ், 8-க்கு ஒரு போன், 10-க்கு அப்புறம் நீங்களே வாங்கிருங்க, அதுக்குத்தான் கைல கொஞ்சம் பணம் வேணும். இன்னொண்ணு, சின்னக் குழந்தைங்க அட்டை முதல் நாளே போயிரும், 12 வயசுக்கு மேல உள்ள பசங்க அட்டையும் வயசானவங்க அட்டையும்தான் கடைசி வரைக்கும் தொங்கும். அதனால முதல்ல இதுங்களை மட்டும் வெளியில வைங்க, குழந்தைங்க அட்டையை ஒரு வாரம் கழிச்சு வைங்க. எங்களுக்கு இந்த ஒரு மாத்தத்துல பெரிய வித்தியாசம் தெரிஞ்சது.

பணம் விஷயத்துல நட்பு, உறவு எதையும் பாக்காதீங்க. உண்டியலை எப்பவும் ரெண்டு பேர் சேர்ந்துதான் திறக்கணும், எண்ணி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், தனி அக்கவுண்ட், எல்லாத்துக்கும் ரசீது. உண்டியலை எங்க வைக்கணும்னு கேட்டா, ஆளுங்க நடந்து போற வழில. 1891-ல சான் பிரான்சிஸ்கோவுல ஜோசப் மெக்ஃபீன்னு ஒரு சால்வேஷன் ஆர்மி கேப்டன் ஏழைங்களுக்கு கிறிஸ்துமஸ் சாப்பாடு போடப் பணம் இல்லாம, படகுல ஏறி இறங்குறவங்க போற இடத்துல ஒரு பெரிய பாத்திரத்தை வச்சாரு, சால்வேஷன் ஆர்மி கிறிஸ்துமஸுக்குத் தெருவுல வைக்கிற, இப்ப உலகம் முழுக்க தெரியுற சிவப்பு கெட்டில் உண்டியல் அதுல இருந்து வந்ததுதான். அவர் இடத்தைச் சரியா பாத்து வச்சாரு, நாமளும் அதைத்தான் செய்யணும்.

இனி பொருள். "புதுசு மட்டும், பேப்பர் சுத்தாம"ன்னு பெருசா எழுதி ஒட்டுங்க. அமெரிக்காவுல 1947-ல ஆரம்பிச்ச டாய்ஸ் ஃபார் டாட்ஸ்ங்கிற பொம்மை சேகரிப்புலயும் இதுதான் விதி, சுத்தாத புதுப் பொம்மைதான் வாங்குவாங்க. சுத்தி வந்தா உள்ள என்ன இருக்குன்னு தெரியாது, எல்லாத்தையும் நாம பிரிக்கணும். அதை விட முக்கியம், கலர் பேப்பரையும் டேப்பையும் தனியா குடுத்தா அந்த அம்மா அப்பாவே உக்காந்து தன் கையால சுத்தலாம்.

பொம்மைங்களைப் பாத்துதான் வாங்கணும். 3 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு சின்னச் சின்ன பாகம் இருக்கிற எதுவும் கூடாது, டாய்லெட் பேப்பர் சுருளோட நடு அட்டைக் குழாய்க்குள்ள நுழையுற சைஸ்ல இருந்தா அது தொண்டையில சிக்குற பொருள்னு வச்சுக்கோங்க. பட்டன் பேட்டரி போட்டதா இருந்தா அந்த மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கான்னு பாருங்க, குழந்தை அதை முழுங்கிட்டா 2 மணி நேரத்துலயே உணவுக்குழாயை அரிச்சிரும், தயவுசெஞ்சு இதுல அசட்டையா இருக்காதீங்க. சாப்பாட்டுப் பொருள்ல தேதி பாக்கணும், சோப்பும் சாப்பாடும் ஒரே பையில போகக்கூடாது, வாசனை ஏறிரும். ஒரு வயசு ஆகாத குழந்தை இருக்கிற வீட்டுக்கு தேன் வைக்காதீங்க, அந்த வயசுல போட்டுலிசம்ங்கிற கடுமையான நச்சு நோய் வர்ற ஆபத்து இருக்கு. வயசானவங்களுக்கு ஒரு பெரிய பைக்குப் பதிலா ரெண்டு சின்னப் பை, தூக்குறது அவங்கதானே.

பேக்கிங் அன்னைக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டி, மேல நம்பர் மட்டும். ஒருத்தர் லிஸ்டைப் படிக்கணும், இன்னொருத்தர் பொருளைத் தொட்டுக் காட்டி உள்ள வைக்கணும். அண்ணன் தம்பிக்குள்ள ஒருத்தனுக்கு பெருசா இன்னொருத்தனுக்கு சின்னதா போயிருச்சான்னு மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, பசங்க இதை முதல் நிமிஷத்துலயே கவனிச்சிருவாங்க.

குடுக்கிற நாள். இதைப் பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன். மேடை வேண்டாம், பேனர் வேண்டாம், வரிசையில நிக்க வைக்க வேண்டாம், போட்டோ எடுக்கவே வேண்டாம். குடுத்தவங்களுக்குக் காட்டணும்னா அடுக்கி வச்ச பெட்டிங்களை எடுங்க, முகம் எதுக்கு? கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமா இருக்கிறவர் 4-ம் நூற்றாண்டுல மீராங்கிற ஊர்ல (இப்போ துருக்கில இருக்கு) பிஷப்பா இருந்த நிக்கோலஸ். மூணு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பண்ண வழியில்லாத ஒரு அப்பா வீட்டு ஜன்னல் வழியா ராத்திரில யாருக்கும் தெரியாம பொன் முடிச்சைப் போட்டுட்டுப் போனாருன்னுதான் அவரைப் பத்தின கதையே. அவர் யார்கிட்டயும் சொல்லிக்கல.

வீட்டுக்குக் கொண்டு போறதா இருந்தா ரெண்டு ரெண்டு பேரா போங்க, சாதாரண வண்டி, சாதாரணப் பெட்டி, பக்கத்து வீட்டுக்கு அது என்னன்னு தெரிய வேண்டியதில்ல. பிள்ளைங்க ஸ்கூல்ல இருக்கிற நேரமோ தூங்கினதுக்கு அப்புறமோ போனா நல்லது. அம்மா அப்பா கைல குடுத்துட்டு வந்துருங்க, பிள்ளைக்கு பரிசு குடுக்கிறது அவங்களா இருக்கட்டும், நாம இல்ல. உள்ள கூப்பிட்டா போங்க, தண்ணி குடுத்தா குடிங்க, கூப்பிடலைன்னா வாசல்லயே நன்றி சொல்லிட்டுத் திரும்புங்க.

இடமும் ஆளும் இருந்தா இன்னும் நல்ல வழி ஒண்ணு இருக்கு. வந்த பொருளை எல்லாம் ஒரு ஹால்ல கடை மாதிரி அடுக்கி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி, பெத்தவங்களையே வந்து எடுத்துக்கச் சொல்றது. பிள்ளைங்களை விளையாட வைக்க பக்கத்துல ஒரு ரூமும் ரெண்டு ஆளும் வேணும். ரெண்டாவது வருஷம் இப்படிப் பண்ணோம். ஒரு அப்பா கால் மணி நேரம் ரெண்டு சட்டையை மாத்தி மாத்தி கைல வச்சுப் பாத்துட்டே நின்னாரு, "பொண்ணுக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு யோசிக்கிறேங்க"ன்னாரு. நாங்க பேக் பண்ணிக் குடுத்திருந்தா அவருக்கு அந்த கால் மணி நேரம் கிடைச்சிருக்காது.

26-க்கு அப்புறமும் வேலை இருக்கு. எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சு, எவ்ளோ மிச்சம்னு ஒரு வாரத்துக்குள்ள குடுத்தவங்க எல்லாருக்கும் அனுப்புங்க, மிச்சம் கம்மியோ ஜாஸ்தியோ மறைக்காதீங்க. குடும்பங்க கிட்ட கடைசியா ஒரு தடவை பேசி முடிச்சதும் அவங்க பேர் இருக்கிற பேப்பரைக் கிழிச்சுப் போட்டுருங்க, அடுத்த வருஷமும் கூப்பிடலாம்னு சொன்னவங்க நம்பர் மட்டும் இருக்கட்டும். மிஞ்சின பணத்துல ஒரு பகுதியை ஜனவரிக்குன்னு எடுத்து வைங்க, டிசம்பர்ல எல்லாரும் கதவைத் தட்டுவாங்க, ஜனவரில யாரும் வர மாட்டாங்க, ஆனா வாடகையும் ஸ்கூல் செலவும் அப்பதான் நிக்கும். அந்தக் கடைசி போனை ஜனவரி ரெண்டாவது வாரத்துல, குடும்பங்க கிட்ட முன்னாடி பேசின அதே ஆளு போடட்டும், "எப்படி இருக்கீங்க, சைஸ் எல்லாம் சரியா இருந்துச்சா"ன்னு. ஷூ பத்தலைன்னு சொன்னா மாத்திக் குடுத்துட்டு வாங்க.